சொட்டு என்று சொல்லிவிட்டேன், லூர்து

லூர்து,

போன வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, உங்கப்பா குளியலறையிலிருந்து துண்டு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார், நீயும் அங்கே ரீட்டாவோடு ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாய். "வாய்க்காலா, தெளிப்பா, சொட்டா, எதும்மா தண்ணிய மிச்சம் பண்ணும்? ஒரே வார்த்தைல சொல்லு" என்றாய். நான் சொட்டு என்றேன். நீ சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நேற்றுக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன், உங்கப்பா மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். கூப்பிட்டு விளக்கலாம் என்றால், நீ "சரிம்மா, முடிவா என்ன?" என்பாய். என்னிடம் முடிவு இல்லை. அதனால் எழுதுகிறேன். பக்கங்களுக்கு நம்பர் போட்டு, போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவேன். கோலார் தங்க வயலில் மாமியார் வீட்டு விருந்துக்கு நடுவில் ஒரு கையால் பிரியாணியைப் பிசைந்துகொண்டு படிக்காதே. தனியாக உட்கார்ந்து படி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரீட்டா கூப்பிட்டாள். ஊர் போய்ச் சேர்ந்ததைச் சொல்லத்தான் கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாக, வியாழக்கிழமை பைப் போடுகிற ஆள் நம் ஆனேக்கல் நிலத்துக்கு வருகிறார், கீழே இருக்கிற இரண்டு ஏக்கருக்கும் சொட்டு, மிச்சமாகிற தண்ணீரில் மேட்டில் சும்மா கிடக்கிற ஒரு ஏக்கரிலும் இந்தத் தடவை மக்காச்சோளம் என்று உன் திட்டத்தை முழுசாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அப்ப மிச்சம்னு எங்கத்தே இருக்கு? மோட்டார் முன்ன மாதிரியேதானே ஓடும்?" என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். கல்யாணம் ஆகி ஐந்து மாதத்தில், வரப்பில் நேராக நடக்கக்கூடத் தெரியாத பெண், நானே என்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வியைக் கேட்டுவிட்டாள். உனக்கு ஒன்று சொல்கிறேன். அவள் இப்படி ஏதாவது கேட்டால் சிரித்துவிட்டு நகராதே, நின்று கேள். நான் கேட்டதையெல்லாம் உங்கப்பா காதில் போட்டுக்கொண்டிருந்தால் இந்த விவேக் நகர் வீட்டு மொட்டை மாடி இன்றைக்கு இப்படி ஒழுகாது.

நான் ஆராய்ச்சிப் பண்ணையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். என்ன வேலை பார்த்தேன் என்பது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். சின்ன வயதில் நீ பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினாய், சொட்டு நீர்ப் பாசனத்தைக் கண்டுபிடித்தது என் அம்மா என்று. டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. காலையில் இரண்டு பஸ் மாறிப் போய், பாத்தியில் முட்டி போட்டு, இரும்புத் துளைப்பானால் ஒரு முழ ஆழத்து மண்ணை எடுத்து டப்பாவில் போடுவேன். எடை போடுவேன். ஓவனில் காய வைத்து மறுநாள் திரும்ப எடை போடுவேன். குறைந்த எடைதான் அந்த மண்ணில் இருந்த தண்ணீர். வாய்க்கால் முகப்பில் ஒரு தகர மடை பதித்திருக்கும், அதில் ஓடும் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துக் குறிப்பேன். குழாய்க்கு மீட்டர் இருக்கும், அதையும் குறிப்பேன். எவ்வளவு தண்ணீர் போனது, எவ்வளவு தானியம் வந்தது, தானியத்தைத் தண்ணீரால் வகுத்தால் ஒரு எண் வரும். அந்த எண்ணைத்தான் எல்லோரும் திறன் திறன் என்கிறார்கள்.

ஒரே விதை, ஒரே உரம், நாலு விதமாகத் தண்ணீர். அதுதான் எங்கள் மக்காச்சோளச் சோதனை. முதலாவது, எல்லா வாய்க்காலிலும் விடுவது, நீ இரண்டு வருஷமாகச் சனி ஞாயிறுகளில் செய்துவருவது. கடைசி முனை நனைய வேண்டுமென்றால் தலைப்பக்கம் ஊறி வழிய வேண்டும், அந்தத் தண்ணீர் வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும். இரண்டாவது, ஒரு வாய்க்கால் விட்டு ஒரு வாய்க்கால் நனைப்பது, அடுத்த தடவை மற்றதை. மண்வெட்டியும் ஞாபகமும் இருந்தால் போதும், ஆனால் போன தடவை எதை நனைத்தோம் என்பதில் ஆட்களுக்குள் தினமும் சண்டை வரும். மூன்றாவது தெளிப்பு. காற்றடித்தால் நம் தண்ணீர் ரோட்டில் போகிறவனைக் குளிப்பாட்டும், சோளம் ஆளுயரம் வந்த பிறகு இலையிலேயே தங்கிவிடும். நாலாவது சொட்டு. வேர் இருக்கிற இடத்தில் மட்டும் ஈரம், நடுவில் களை இல்லை, பார்க்க அழகாக இருக்கும். போர்வெல் தண்ணீரின் உப்பு குழாயின் ஓட்டையை அடைத்துவிடும், வாரா வாரம் ஃபில்டரைக் கழுவ வேண்டும், அணில் கடிக்கும். அத்தனைக்கும் அப்புறமும் சொட்டுதான் முதலில் வந்தது. நான்தான் எடை போட்டேன். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

இதை உங்கப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. அந்தச் சோதனைக்குப் பாத்தி பிரித்தது நான்தான், கயிறும் முளைக்குச்சியும் வைத்து. ஒரு பாத்திக்கும் அடுத்த பாத்திக்கும் நடுவில் ஒன்றும் விதைக்காத இடைவெளி நாலு தப்படி அகலத்துக்கு விட வேண்டும், ஒன்றின் ஈரம் இன்னொன்றுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. கடைசி வரிசைக்கு வந்தபோது நிலம் போதவில்லை. எல்லா முளையையும் பிடுங்கி முதலிலிருந்து அளக்கச் சோம்பல், அத்தோடு பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. வாய்க்கால் பாத்திக்கும் அதன் கீழே சரிவில் இருந்த சொட்டுப் பாத்திக்கும் நடுவில் இரண்டு தப்படியைச் சுருட்டிவிட்டேன். சோளம் இடுப்பளவு வந்தபோது சொட்டுப் பாத்தியில் அந்த ஓரத்து வரிசைகள் மட்டும் கரும்பச்சையாக, மற்றதைவிட உயரமாக நின்றன. ஒருநாள் அங்கே மண் எடுத்துப் பார்த்தேன். நடுப் பாத்தி மண்ணைவிட அடி மண் ஈரமாக இருந்தது. மேலே இருந்த வாய்க்காலிலிருந்து கசிந்து வந்த தண்ணீர். மீட்டரில் அது ஏறாது இல்லையா.

அப்போதே சொல்லியிருக்கலாம். அறுவடையில் ஓரத்து வரிசைகளைத் தனியாக ஒதுக்கிவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் எடை போட்டிருந்தாலும் போதும், அதுதான் முறையும்கூட. அன்றைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆட்கள் மளமளவென்று எல்லாவற்றையும் ஒடித்து ஒரே குவியலாகப் போட்டுவிட்டார்கள். நான் அப்படியே எடை போட்டு எழுதினேன். எங்கள் அதிகாரி, நல்ல மனிதர், நோட்டைப் பார்த்துவிட்டு "ஓரத்து வரிசைய விட்டுட்டுத்தானே எடுத்தீங்க?" என்று கேட்டார். நான் "ஆமா சார்" என்றேன். கேட்டதும் சொன்னேன், யோசிக்கக்கூட இல்லை. அந்த எண் நோட்டீஸில் அச்சாகி, விவசாயிகள் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, எனக்கு ஒரு சால்வையும் போட்டார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் நீ அந்தக் கட்டுரையை எழுதினாய். டீச்சர் படித்துக் காட்டியபோது சிரித்துவிட்டு, வெளியில் வந்து தேவாலயத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது, லூர்து. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் சொட்டு மோசமா என்று நீ கேட்பாய். இல்லை. சொட்டு நல்லதுதான் என்றுதான் நினைக்கிறேன். மற்ற வருஷங்களில், ஒழுங்காக இடைவெளி விட்ட பாத்திகளிலும் அது பின்தங்கவில்லை. ஆனால் அந்த ஒரு பருவத்தில் எத்தனை பங்கு சொட்டு கொடுத்தது, எத்தனை பங்கு பக்கத்துப் பாத்தி கொடுத்தது என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனால் கூட்டத்தில் வாசித்தது அந்த எண்ணைத்தான், உனக்கு நான் சொன்ன ஒரு வார்த்தையும் அதிலிருந்துதான் வந்தது. சரியான பதிலைத் தப்பான காரணத்தால் சொல்லிவிட்டேனோ, இல்லை பதிலே தப்போ, எனக்குப் பிடிபடவில்லை.

இந்தக் குழப்பம் தாங்காமல்தான் நேற்று ஞாயிறு பூசை முடிந்ததும் ஆனேக்கல் பஸ் ஏறினேன். உங்கப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். எதைப் போட்டால் என்ன, மழை பெய்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். நிலம் உழுது சுத்தமாகக் கிடந்தது, நன்றாக உழுதிருக்கிறாய். மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். ஒரு முழத்துக்குக் கீழே செம்மண் முடிந்து மொரம்புச் சரளை வந்துவிடுகிறது, தண்ணீரைப் பிடித்து வைக்காது. இந்த மண்ணில் வாய்க்கால் பாசனம் பண்ணினால் பாதி கீழே போய்விடும், அதில் சந்தேகமில்லை, அதற்கு எந்தச் சோதனையும் வேண்டாம். அதற்காகவே சொட்டு போடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொண்டு நிமிர்ந்தால், சரிவுக்குக் கீழே பாப்பண்ணா தன் நிலத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

உனக்கு அவரைத் தெரியும், எனக்குத்தான் அதிகம் தெரியாது. அரை ஏக்கர், ஆழமில்லாத பழைய கிணறு, சின்ன மோட்டார். போர் போட அவரால் முடியாது. என்னைப் பார்த்ததும் வந்து கும்பிட்டு, கிணற்றடியில் சாக்கை விரித்து உட்காரச் சொன்னார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அடியில் கிடந்தது, அதற்கு மேலே நம் நிலத்துப் பக்கமாக இருந்த சுவரில் மட்டும் பாசி ஏறியிருந்தது. என்னங்க இது, ஒரு பக்கம் மட்டும் என்று கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"உங்க தண்ணிதாம்மா அது. தம்பி வாய்க்கால்ல விட்டா மூணாம் நாள் இங்க ஏறும். ஸ்வல்பந்தான், ஆனா என் பீன்ஸுக்கு அது போதும்."

அதைக் கேட்டதும் எனக்குப் பழைய சோளப் பாத்தியின் ஓரத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. பண்ணையில் நாங்கள் "வீண்" என்று எழுதிய தண்ணீரெல்லாம் யார் கிணற்றுக்குப் போனது என்று ஒருநாளும் தேடிப் போனதில்லை. பண்ணை வேலிக்கு அந்தப் பக்கமும் யாரோ ஒரு பாப்பண்ணா இருந்திருப்பார். அவர் நோட்டில் வரமாட்டார். நம் மூன்று ஏக்கரை மட்டும் அளந்தால் சொட்டு ஜெயிக்கும், அவருடைய அரை ஏக்கரையும் சேர்த்து அளந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு பக்கம் பார்த்தால், அவருக்குக் கசிவதற்காக நாம் அத்தனை ஆழத்திலிருந்து தண்ணீரை இறைத்து மண்ணில் கொட்ட முடியுமா? போர் வற்றினால் அவருக்கும் கசியாது, நமக்கும் இல்லை. அப்படியும் சரி, இப்படியும் சரி என்று படுகிறது. எது சரி என்று தெரியாமல் தலை வலிக்கிறது.

அவர் அடுத்துக் கேட்டதுதான் முக்கியம், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. இந்த வருஷமும் மக்காச்சோளம்தானே, வழக்கம்போலத் தண்ணீர் விடுவீர்கள்தானே என்று கேட்டார். விதை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மேலே பேசினார்.

"நிறுத்தறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்கம்மா. உங்க நெலம், உங்க தண்ணி, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நான் போடாம இருந்துக்கறேன். பாதியில காஞ்சாத்தான் கஷ்டம்."

இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியாது. வியாழக்கிழமை பைப் வருகிறது என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவருடைய வீட்டம்மா ஒரு டம்ளரில் காபி கொண்டுவந்து கையில் கொடுத்தார். நான் அந்தக் காபியைப் பார்த்துக்கொண்டே "போடுங்க" என்றேன். போடுங்க, ஒன்றும் ஆகாது என்றேன். ஏன் சொன்னேன் என்று என்னைக் கேட்காதே. அதிகாரியிடம் ஆமா சார் என்று சொன்ன அதே வாய். உன்னிடம் வெள்ளிக்கிழமை சொட்டு என்றேன், அவரிடம் ஞாயிற்றுக்கிழமை போடுங்க என்றேன். இரண்டு பேருமே என்னை நம்புகிறீர்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வழி யோசித்துக்கொண்டே வந்தேன். மேட்டு நிலத்துக்குச் சொட்டு போடலாம், கீழே இருக்கிற இரண்டு ஏக்கரில் ஒரு வாய்க்கால் விட்டு ஒரு வாய்க்கால் நனைக்கலாம், நமக்கும் மிச்சமாகும், அவருக்கும் கொஞ்சம் கசியும். இல்லை, மேட்டு நிலத்தை இந்த வருஷமும் சும்மா விட்டால்தான் போரில் உண்மையிலேயே ஏதாவது மிஞ்சும், ரீட்டா கேட்டதும் அதைத்தான். இல்லை, எல்லாவற்றுக்கும் சொட்டே போட்டுவிட்டு, நம் குழாயிலிருந்தே அவர் பாத்திக்கு ஒரு கிளை இழுத்துக் கொடுத்துவிடலாம். கசிந்து போவதைவிட அளந்து கொடுப்பது நல்லதில்லையா? பொம்மனஹள்ளி வரும்போது இந்தக் கடைசி யோசனை பிரமாதமாகத் தெரிந்தது. மடிவாளா தாண்டும்போது, இன்றைக்குக் கொடுப்போம், போர் இறங்குகிற வருஷம் முதலில் யாருடைய வால்வை மூடுவோம் என்று ஒரு நினைப்பு வந்தது, அதோடு அதுவும் போயிற்று. மண் தானாகக் கொடுத்தபோது அவர் நம்மிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நீ வேலையை விட்டுவிட்டு இந்த மூன்று ஏக்கரை நம்பி இறங்கியிருக்கிறாய். அப்படி இறங்கிப் போடுகிற முதல் பயிர் நன்றாக வர வேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை அதிகம். உன் கையைக் கட்டிப்போட நான் இதை எழுதவில்லை. பைப்பே போடாதே என்றும் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. எண்ணை மட்டும் நம்பாதே என்று சொல்லத் தோன்றுகிறது. எண்ணை எழுதியவள் நான், எப்படி எழுதினேன் என்று இப்போது உனக்குத் தெரியும். நீ எதையாவது அளந்தால் வரப்புக்கு அந்தப் பக்கமும் ஒரு துளை போட்டு மண்ணை எடுத்துப் பார். தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. வருஷக்கணக்காக வைத்திருந்தால் அதைச் சொல்ல என்னைப் போல இத்தனை பக்கம் எழுத வேண்டிவரும்.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். உனக்கு இவ்வளவு சொல்கிறேனே, அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு என்று தோன்றியது. பாப்பண்ணா நேற்றுக் கொடுத்த நம்பருக்குப் போன் பண்ணினேன். இரண்டு மூன்று நாள் பொறுங்கள், விதைக்காதீர்கள், என் மகன் வந்து உங்களோடு உட்கார்ந்து பேசுவான் என்று சொல்வதற்கு மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் நம்பரை அழுத்தினேன். அவர் எடுத்ததும் என் குரலைக் கேட்டுச் சந்தோஷமாகிவிட்டார்.

"நீங்களே வாயால சொல்லிட்டீங்க, அப்புறம் எதுக்குத் தாமசம்னு காலைலயே போட்டு முடிச்சுட்டேம்மா" என்றார்.

நல்லதுங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மூன்றாவது தடவையும் எனக்கு வாய் வரவில்லை, லூர்து. புதன்கிழமை ஊரிலிருந்து திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாதே. ரீட்டாவையும் கூட்டிக்கொண்டு நேராக அவரிடம் போ. அவருடைய விதை மண்ணுக்குள் இருக்கிறது, என் பேச்சை நம்பி.

அம்மா